சிதம்பரம் கிளைக்கு வாங்கிய பெட்டி

போன வாரம், ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நம் வாட்ஸ்அப் குழுவில், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "மேடம், எங்க ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் படம் எல்லாம் சேத்து வைக்க நாஸ் பெட்டி வாங்கணும். எந்தக் கம்பெனி நல்லது? ஒரே வரியில சொல்லுங்க."

ஒரே வரியில் சொல்லலாம். ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நான் சமையலைக் கவனிக்கப் போகலாம். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு நீங்கள் கடைக்குப் போவீர்கள். கடைக்காரர் பெட்டியைத் தட்டிக் காட்டி, "நல்ல அயிட்டம்மா. டிஸ்க் நீங்க எது வேணும்னாலும் போட்டுக்கலாம்" என்பார். அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். அதனால் ஒரு வரி போதாது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இது நான் பெருமையாக நினைத்துக்கொள்ளும் கதையும்கூட, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஸ்கேன் சென்டர். அங்கே கம்ப்யூட்டர், பிரிண்டர், வயர், யூபிஎஸ் என்று மின்சாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. ஓய்வு பெறும் வரை அதே இடம். புவனகிரிப் பக்கம் நெல் போடும் குடும்பம் எங்களுடையது. பாலிடெக்னிக் படித்துவிட்டு நான் இந்த வேலைக்குப் போனபோது, "பொம்பளப் புள்ள ஸ்குரூ டிரைவர வச்சிக்கினு இன்னா பண்ணப் போவுது?" என்று கேட்டவர்கள் உண்டு. நான் என்ன பண்ணினேன் என்பது கீழே இருக்கிறது.

சென்டரின் முதலாளி ஒரு டாக்டர். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதில் மாவட்டத்தில் அவருக்கு நல்ல பெயர். கோபமும் அதே அளவுக்கு உண்டு. யாரையும் பாராட்டிப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய மனைவியின் தம்பி ரமேஷ், கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். சென்டருக்கு முதல் நாஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவர் அவர்தான். நான்கு ஹார்டு டிஸ்குகளை ஒன்றாகக் கோத்து, கட்டடத்தில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. ஸ்கேன் எடுத்த ஒவ்வொருவருடைய படமும் அதற்குள் போகும். ஒரு டிஸ்க் போனாலும் மீதி மூன்றை வைத்துப் பெட்டி தாக்குப்பிடிக்கும். அதை வாங்கியபோது என்னிடம் யாரும் கேட்கவில்லை. குடும்பத்துக்குள் முடிந்த காரியம்.

ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டம் நிரம்பி வழியும் நேரத்தில், அந்தப் பெட்டி விடாமல் கத்த ஆரம்பித்தது. போய்ப் பார்த்தேன். ஒரு டிஸ்குக்கு மேல் சிவப்பு விளக்கு. செத்துவிட்டது. சரி, ஒன்று போனால் தாங்கும் என்றுதானே கட்டியிருக்கிறது என்று மற்ற மூன்றின் நிலையைத் திறந்து பார்த்தேன். மூன்றில் ஒன்று, படிக்கும்போதெல்லாம் திணறிக்கொண்டிருந்தது. பிழைகளின் எண்ணிக்கை என் கண்ணெதிரே ஏறியது. அதுவும் போனால் உள்ளே இருப்பது எல்லாம் போகும்.

அதே நேரத்தில் டாக்டர் அறையிலிருந்து போன் வந்தது. கம்மாபுரத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். தையல் கடை வைத்திருப்பவர், நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். இருமலுக்காகப் பார்க்கப் போன இடத்தில், நுரையீரலில் பட்டாணி அளவுக்கு ஒன்று தெரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் மறுநாளே சேர்ந்து அறுவை சிகிச்சை. அதற்கு முன்பு ஒரு ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"செல்வி, இந்தம்மாவுக்கு நாம முன்னாடியே நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கோம். வண்டியில விழுந்து விலா எலும்பு ஒடஞ்சப்ப. அந்தப் படம் எனக்கு உடனே வேணும். கிளிக் பண்ணா சுத்திக்கினே இருக்கு, வர மாட்டேங்குது" என்றார்.

நான் நேரில் போனேன். அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சுரங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் கணவர் பின்னால் நின்றுகொண்டு டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அப்பவே சிடி குடுத்தீங்க சார். வெள்ளம் வந்தப்ப பீரோவோட போயிடுச்சு."

டாக்டர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அது அப்பவே இருந்து, இன்னிக்கும் அதே சைஸ்ல இருந்துச்சுன்னா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இல்ல. பழைய படம் இல்லன்னா, அவுங்க வெட்டித்தான் பார்ப்பாங்க. வேற வழி கெடையாது."

நான் திரும்பி வந்தபோது ரமேஷ் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். டாக்டர் அவருக்கும் போன் போட்டிருக்கிறார். கையில் கடையிலிருந்து எடுத்து வந்த புது டிஸ்க், கவர் கூடப் பிரிக்காமல்.

"அதே சைஸ்தான் அக்கா. செத்தத உருவிட்டு இதச் சொருவிட்டா, அதுவே எல்லாத்தையும் சரி பண்ணிக்கும்."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ரமேஷ் சொன்னது தவறு என்று சொல்லிவிட முடியாது. கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். கம்பெனிக்குப் போன் செய்தாலும் அப்படித்தான் சொல்வார்கள், சொன்னார்கள். ஆனால் புது டிஸ்கைச் சொருகியதும் பெட்டி என்ன செய்யும்? மீதி மூன்று டிஸ்குகளையும் தலை முதல் கால் வரை, ஒரு மூலை விடாமல் படித்து, செத்ததில் இருந்ததைக் கணக்குப் போட்டு எழுதும். மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஓடும் வேலை. மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஓர் ஆளை மலை ஏறச் சொல்வது போல. ஏறி முடிப்பதற்குள் அந்த டிஸ்க் விழுந்துவிட்டால் கம்மாபுரத்து அம்மாவின் படமும் அதோடு போகும்.

"வேணாம் ரமேஷ். முதல்ல உள்ள இருக்கறத வெளிய எடுக்கணும். சரி பண்றது அப்புறம்."

ஸ்கேன் மெஷின் பார்க்கும் அந்தோணியைக் கூப்பிட்டு, புதிதாக எடுக்கும் எந்தப் படத்தையும் பெட்டிக்கு அனுப்பாமல் மெஷினுக்குள்ளேயே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பெட்டியில் வேறு யாரும் எதையும் தொடாதபடி எல்லாத் தொடர்பையும் துண்டித்தேன். அந்த ஒரு பெண்ணின் படங்களை மட்டும் தேடி, வெளியிலிருந்து மாட்டும் ஒரு டிஸ்குக்கு நகல் எடுக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச தூரம் ஓடிற்று. பிறகு நின்றுவிட்டது. டிஸ்கிலிருந்து பல்லி சத்தம் போல ஒரு டிக் டிக். திரையில் பச்சைக் கோடு நகரவே இல்லை.

டாக்டர் வாசலில் வந்து நின்றார். "வெளிய கூட்டம் நிக்குது. நான் மெஷின் ரூம்ல போய் உக்காந்து படம் பார்க்க வேண்டியிருக்கு. புது டிஸ்க்கத்தான் கொண்டாந்துட்டான் இல்ல? போட்டுத் தொலைங்க!"

"போட்டா அந்தம்மா படம் போயிடலாம் சார்."

"போடலன்னா?"

"போடலன்னாலும் போகலாம். போட்டா போறதுக்கு சான்ஸ் ஜாஸ்தி."

"உங்க பொறுப்பா?"

"என் பொறுப்பு சார்."

அவர் மெஷின் அறைக்குத் திரும்பிப் போனார். ரமேஷ் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுபடி தொடங்கலாமா, நிறுத்தலாமா, பெட்டியையே அணைத்துவிட்டுத் திரும்பப் போடலாமா என்று கை பரபரத்தது. சும்மா இருப்பதுதான் அன்று நான் செய்த மிகக் கடினமான வேலை. பிழை வந்த இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

பச்சைக் கோடு ஒரு துளி நகர்ந்தது. பிறகு இன்னொரு துளி. பிறகு கடகடவென்று ஓடி முடிந்தது.

டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளந்தார். மறுபடி அளந்தார். அந்தப் பட்டாணி அன்றும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. புதுச்சேரி டாக்டருக்கு அவரே போன் போட்டுப் பேசினார். அறுவை சிகிச்சை நின்றது. சில மாதம் கழித்து வந்து ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும் என்றார்கள். அந்தப் பெண் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். கணவர் டாக்டரைக் கும்பிட்டார். டாக்டர் கையால் என்னைக் காட்டினார். "அங்க கும்புடுங்க" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வேலை அதோடு முடியவில்லை. பெட்டி நிறையப் படங்கள் இருந்தன. எதை முதலில் எடுப்பது? நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன்: "எந்தப் படம் போனா ஒருத்தர் உயிருக்கு ஆபத்து சார்? அத மொதல்ல எடுக்கறேன்." அவர் பேனாவைக் கீழே வைத்தார். புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், கட்டி வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள், மூளையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் என்று அவர் ஒவ்வொரு வகையாகச் சொல்லச் சொல்ல, நான் அந்த வரிசையில் எடுத்தேன். மறுநாள் பிற்பகல், திணறிக்கொண்டிருந்த டிஸ்க் அடங்கிப்போனது. பெட்டி பூட்டிக்கொண்டது. அதற்குள் வெளியே வந்திருந்தவை, வந்தே ஆக வேண்டியவை. உள்ளே தங்கிவிட்டவற்றில் பெரும்பாலும் எப்போதோ கூடிவிட்ட எலும்பு முறிவுகள். அதிலும் எனக்கு வருத்தம்தான். ஆனால் அன்று காலையிலேயே புது டிஸ்கைச் சொருகியிருந்தால் எல்லாமே போயிருக்கும் என்பது ரமேஷுக்கும் புரிந்தது. அவர் கொண்டுவந்த டிஸ்கின் கவரைப் பிரிக்காமலேயே திரும்ப எடுத்துப் போனார்.

அடுத்த சில மாதங்களில் சிதம்பரத்தில், மேல வீதிப் பக்கம், ஒரு கிளை திறப்பதாக முடிவானது. டாக்டர் என்னை அழைத்து, "பெட்டியையும் டிஸ்க்கையும் நீங்க முடிவு பண்ணுங்க. ரமேஷ் வாங்கித் தருவான்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்துக்காக நான் பல வருடம் காத்திருந்தேன்.

ரமேஷ் ஒரு பெரிய பெட்டியின் படத்தோடு வந்தார். பளபளவென்று இருந்தது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இதோட பவர் சப்ளை போச்சுன்னா மாத்தறதுக்கு எங்கேர்ந்து வரும்?" அவர் போன் போட்டார். இந்த எண்ணுக்குப் பேசுங்கள், அந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் லைன் அறுந்தது. வேறொரு பெட்டி, பார்க்க அரிசி டின் போல இருந்தது. அதற்குப் போன் போட்டால் சென்னையில் ஒருவர் உடனே எடுத்து, இருப்பில் இருக்கிறது, அனுப்பி வைக்கிறோம் என்றார். பல வருடம் முன்பு விற்ற பெட்டிகளுக்குக்கூட அந்தக் கம்பெனி இன்னும் மென்பொருள் திருத்தங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்தது. அரிசி டின்னையே எடுத்தோம்.

டிஸ்க் விஷயத்தில்தான் சண்டை வந்தது. பெட்டி செய்கிற கம்பெனி, எந்தெந்த டிஸ்கைத் தன் பெட்டியில் போட்டு ஓட்டிப் பார்த்தோம் என்று இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருக்கும். ரமேஷ் காட்டிய டிஸ்க் அதில் இல்லை.

"இருக்கே அக்கா, இதோ பாருங்க. அதே கம்பெனி, அதே சைஸ், அதே பேரு."

"மாடல் நம்பரக் கடைசி வரைக்கும் படி. வால்ல ரெண்டு எழுத்து வேற."

"ரெண்டு எழுத்துல இன்னாக்கா ஆயிடப் போவுது?"

அந்த இரண்டு எழுத்தில்தான் எல்லாமே இருந்தது. செத்துப்போன பழைய டிஸ்குகளும் அதே ரகம். வீட்டுக் கம்ப்யூட்டருக்காகச் செய்தவை, ராப்பகலாக ஓடுவதற்கானவை அல்ல. போதாக்குறைக்கு, கூரைக்கு ஓடு வேய்வது போல ஒரு தடத்தின் ஓரத்தில் அடுத்த தடம் ஏறி நிற்கும்படி எழுதும் வகை. குறைந்த இடத்தில் நிறைய எழுதலாம். ஆனால் நடுவில் ஓர் ஓடு மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் கழற்றி மாட்ட வேண்டும். நாஸ் பெட்டியில் ஒரு டிஸ்க் செத்துப் புதியதை நிரப்பும் நேரத்தில் இந்த வகை தள்ளாடிவிடும். அரிசி டின்னுக்கு ஏற்றது வேறு ரகம். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை, நாள் முழுக்க ஓடுவதற்கென்று செய்தவை. அதுவும் ஒரே கடையில் வாங்கக் கூடாது என்றேன். ஒரே அட்டைப்பெட்டியில் வந்த டிஸ்குகள் ஒன்றாகவே பிறந்தவை, ஒரே சமயத்தில் நோயில் விழவும் கூடும். நம் பழைய பெட்டியில் நடந்தது அதுதான். பாதி சென்னையில் வாங்கு, பாதி புதுச்சேரியில் வாங்கு என்றேன்.

கேட்ட டிஸ்க் உடனே கிடைக்கவில்லை. திறப்பு விழாவுக்குத் தை மாதத்தில் முகூர்த்தம் குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. டாக்டர் சொன்னார்: "இப்ப இருக்கறதப் போட்டு ஆரம்பிங்க. அது வந்ததும் மாத்திக்கலாம்."

"ஆரம்பிச்சிட்டா மாத்த மாட்டோம் சார். கூட்டம் வந்துடும். இன்னிக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போவும். ஒரு நாள் அது கத்தும்."

"விழாவுக்கு வர்றவங்க முன்னாடி காலிப் பெட்டிய வெக்கச் சொல்றீங்களா?"

"ஆமா சார். படம் எல்லாம் மெஷின்லயே இருக்கட்டும். தினமும் நானே நகல் எடுத்துக் கடலூருக்குக் கொண்டு போறேன்."

அவர் மேசையில் இருந்த விழாப் பத்திரிகையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "சரி" என்றார்.

திறப்பு விழா அன்று டாக்டரின் மனைவி எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம் வைத்து வந்தவர், உள்ளே ஒன்றுமில்லாத அந்தப் பெட்டிக்கும் வைத்துவிட்டுப் போனார். நானும், சிதம்பரம் மெஷினுக்கு மாறி வந்திருந்த அந்தோணியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் நகல் டிஸ்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன். யாரும் பாராட்டவில்லை, குறை சொல்லவும் இல்லை. இந்த வேலையில் பாதி நாள் அப்படித்தான் போகும்.

ஒரு நாள் ரமேஷ் வந்தார். சென்னையிலிருந்து ஒரு பொதி, புதுச்சேரியிலிருந்து ஒரு பொதி. "லக்கேஜ்ல போட்டா அடிபடும்னு நீங்க சொன்னீங்களே, ரெண்டு தடவையும் மடியிலயே வச்சிக்கினு வந்தேன் அக்கா. கால் மரத்துப் போச்சு" என்றார். ஒவ்வொன்றையும் எடுத்து, மாடல் நம்பரை வால் வரைக்கும் அவரே சத்தமாகப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தன.

ஆறு டிஸ்குகளைப் போட்டோம். ஒன்றல்ல, இரண்டு போனாலும் தாங்கும்படி கட்டினேன். அதனால் இடம் குறையும் என்று ரமேஷ் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுவரை எடுத்த படங்களின் நகலை அதில் ஏற்றிவிட்டு, டாக்டரைச் சிதம்பரத்துக்கு வரச் சொன்னேன்.

"எதுக்கு?" என்றார்.

"நீங்க ஒரு டிஸ்க்க உருவணும் சார். ஓடும்போதே."

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அசல் வேறிடத்தில் பத்திரமாக இருக்கும்போது மட்டுமே இந்தப் பரீட்சையை வையுங்கள். ஆனால் வைக்காமல் எந்தப் பெட்டியையும் வேலைக்கு எடுக்காதீர்கள். அது நாம் தேர்ந்தெடுத்த நாளில், நம் கண் முன்னால் விழுந்து எழட்டும்.

டாக்டர் பெட்டிக்கு முன்னால் குனிந்தார். ஊசியை நெஞ்சுக்குள் செலுத்தும்போதுகூட நடுங்காத கை அது. டிஸ்கின் பிடியில் விரலை வைத்துக்கொண்டு தயங்கினார். "இழுத்துடலாமா?"

"இழுங்க சார்."

உருவினார். பெட்டி கத்த ஆரம்பித்தது. ரமேஷ் பக்கத்து மேசையில் ஒரு நோயாளியின் படத்தைத் திறந்தார். திறந்தது. அடுத்ததைத் திறந்தார். அதுவும் திறந்தது. டாக்டர் திரையையும் கையில் இருந்த டிஸ்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னொண்ணு?"

"உருவுங்க."

இரண்டாவதையும் உருவினார். இரண்டு கையிலும் இரண்டு டிஸ்க். படங்கள் வந்துகொண்டே இருந்தன. நுரையீரல், முதுகெலும்பு, வயிறு, ஒவ்வொன்றாக.

"மூணாவது?"

"அப்ப கடலூருக்குப் போன் போடுவேன் சார். இதுக்கு நகல் அங்க இருக்கு."

டாக்டர் சிரித்தார். இத்தனை வருடத்தில் கம்ப்யூட்டர் அறையில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "மச்சான், இத இருந்த எடத்துலயே போடு" என்று டிஸ்குகளை ரமேஷிடம் நீட்டினார். ரமேஷ், "மாமா, மொதல்ல அக்காவக் கேளுங்க. அவுங்க சொன்னாத்தான் போடுவேன்" என்றார்.

"போடு ரமேஷ்" என்றேன்.

போட்டார். பெட்டி தன்னைத் தானே நிரப்பிக்கொள்ள ஆரம்பித்தது. மறுநாள் நான் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது ஆறு விளக்குகளும் பச்சை. நிலையைத் திறந்து பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து வயிற்று வலியோடு வந்திருந்த பெரியவர் ஒருவரை மெஷினில் படுக்க வைத்துவிட்டு, அந்தோணி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:

"மேடம், இவர் படத்தப் பெட்டிக்கே அனுப்பிடலாமா?"

"அனுப்புங்க" என்றேன்.